மாவினகட்டெ ஹால்ட்டில் ஒன்பது டிக்கெட்

ஒரு நாளைக்கு ஒன்பது டிக்கெட். ரயில்வே கோட்ட அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் அப்படித்தான் இருந்தது. மாவினகட்டெ ஹால்ட்டில் கடந்த நான்கு மாதங்களில் சராசரியாக நாளொன்றுக்கு ஒன்பது டிக்கெட்தான் விற்றிருக்கிறது. ஆறு மாதத்துக்குச் சோதனை முறையில்தான் ரயில் இங்கே நிற்கிறது, ஆறாவது மாதத்தின் சராசரி ஐம்பதைத் தொடவில்லை என்றால் நிறுத்தம் ரத்தாகும் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தார்கள்.

பயணிகள் சங்கத்தின் செயலாளர் நான். கடிதம் என் பெயருக்குத்தான் வந்தது. படித்ததும் எனக்கு மூக்கில் வியர்த்தது. காலை ஏழு இருபது வண்டியில் நூறு பேருக்குக் குறையாமல் ஏறுவதைத் தினமும் என் கண்ணால் பார்க்கிறேன். நூறு பேர் ஏறுகிற இடத்தில் ஒன்பது டிக்கெட் என்றால் மீதி எல்லாம் எங்கே போகிறது?

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் கஸ்தூரிரங்கன். பிறந்து வளர்ந்தது மல்லேஸ்வரம். மாநில அரசில் முப்பத்தேழு வருட உத்தியோகம், அதில் பத்தொன்பது வருடம் இலாகா விசாரணைப் பிரிவில். ஜீப்பிலிருந்து டீசலை உறிஞ்சியவன், இல்லாத ஏரிக்குத் தூர் வாரியவன், செத்தவரிடம் கைநாட்டு வாங்கியவன் என்று எத்தனையோ பேரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். யாராவது சிரித்துப் பேசினால் இவனுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். ரிட்டயர் ஆன பிறகு மகள் ஸ்ரீரஞ்சனி மாவினகட்டெயில் ஃபிளாட் வாங்க, நானும் மனைவி ருக்மிணியும் அவளோடு வந்துவிட்டோம்.

மாவினகட்டெ ஒரு காலத்தில் தனி ஊர். இப்போது பெங்களூர் நீண்டு வந்து அதை விழுங்கிவிட்டது. ஸ்டேஷன் மட்டும் பழையது. மீட்டர்கேஜ் காலத்தில் ராகி மூட்டையும் பட்டுக்கூடும் ஏற்றுவதற்காகக் கட்டிய இரண்டு அறைக் கருங்கல் கட்டடம். பிறகு அது ஹால்ட் ஆனது. ஹால்ட் என்றால் ரயில்வே ஊழியர் யாரும் இருக்க மாட்டார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் ஏஜென்டாக இருந்து டிக்கெட் விற்பார், விற்றதற்குக் கமிஷன் வாங்கிக்கொள்வார். 1987-இல் அதையும் மூடினார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அங்கே ஆடு கட்டினார்கள், சீட்டு ஆடினார்கள், கூரை ஓட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் சங்கம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, ஓடு மாற்றி, வெள்ளையடித்து, பெயர்ப் பலகை நட்டு, ஒருவழியாக ரயிலை நிற்க வைத்தது.

அது மூடிய கதை எனக்குத் தெரியும். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. இங்கிருந்த ரெவின்யூ ஆபீஸில் குமாஸ்தா. நான், பள்ளிக்கூட வாத்தியார்கள், பட்டு இலாகாக்காரர்கள் எல்லாருமாக அறுபது பேர் நகரத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போவோம். மாலை வண்டிக்கு அறுபது பேரும் பிளாட்பாரத்தில் நிற்போம். கணக்கிலோ இங்கிருந்து நான்கு பேர்தான் ஏறியதாக இருக்கும். ஏஜென்ட் கோவிந்தப்பா தின்றுவிட்டார் என்று பெட்டிஷன் போனது. எழுதியது நான். அறுபது கையெழுத்து. கோவிந்தப்பாவின் ஏஜென்சி பறிபோனது, அந்த வேலைக்கு வேறு யாரும் வரவில்லை, ஸ்டேஷனும் போனது. 'கோவிந்தப்பா தின்ன ஸ்டேஷன்' என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். நானும் சொல்வேன், கொஞ்சம் பெருமையாகவே.

ஆகவே ஒன்பது என்ற எண்ணைப் பார்த்ததும் என் கண் நேரே இப்போதைய ஏஜென்ட் மேல் போனது. அவன் பெயர் உத்தமன். ஊத்தங்கரைக்காரன், முப்பத்து நான்கு வயது. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, அது போனதும் இந்த ஏஜென்சியை எடுத்தவன். மனைவி ராதாவுக்கு இன்னும் பொம்மசந்திராவில்தான் வேலை. 'வாங்க சார், உக்காருங்க சார்' என்று என்னைக் கண்டாலே எழுந்து நிற்பான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. நாலு மாதத்தில் ஒரு புது ஸ்கூட்டரில் வர ஆரம்பித்திருந்தான். போதாததற்கு நிலத் தரகர் நாகேஷ் தினமும் காலையில் அவன் ஜன்னலில் நின்று சிரித்துப் பேசுவார். ஸ்டேஷன் மூடினால் அந்த வழியாக ரோடு வரும், ரோடு வந்தால் பின்னால் இருக்கிற நாகேஷின் நிலத்தின் விலை எங்கேயோ போய்விடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை டம்ளர் காபி போதுமாக இருந்தது.

மறுநாளே பேப்பரும் கையுமாகப் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்தேன். சுடோகு போடுகிற மாதிரி கட்டத்தின் ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். முதல் நாள் நூற்று நாற்பத்து மூன்று தலை. இரண்டாம் நாள் நூற்று முப்பத்தெட்டு. டிக்கெட் ஜன்னல் ரோட்டுப் பக்கம் இருப்பதால் பெஞ்சிலிருந்து தெரியாது. மூன்றாம் நாள் ரோட்டுப் பக்கமே போய் நின்றேன். பத்துப் பேர்தான் வந்து டிக்கெட் வாங்கினார்கள். என்னைக் கண்டதும் உஷாராகி மற்றவர்களை எப்படியோ வரவிடாமல் செய்துவிட்டான் என்று முடிவு செய்தேன். ஏற்கெனவே விற்ற பழைய டிக்கெட்டுகளையே கணக்கில் வராமல் மறுபடி விற்று, முதல் நாள் மாலையே ஆட்களிடம் கொடுத்துவிடுகிறான் போலும். இப்படியெல்லாம் யோசிக்க என்னால் முடிந்தது.

ருக்மிணிதான் கேலி செய்தாள். "ஏன்னா, உங்களுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்தது கவர்மென்ட்டுக்குத்தான் நிம்மதி. இன்னும் யாரை உக்காத்தி வெச்சுக் கேள்வி கேக்கப் போறேள்?"

"ஸ்டேஷனே போயிடும்டீ. நம்ம ரஞ்சு மறுபடியும் ஆனேக்கல் ரோடு ஸ்டேஷன் வரைக்கும் வண்டி ஓட்டிண்டு போகணும்."

"அதுக்கு அந்தப் பிள்ளை என்ன பண்ணுவான்? டிக்கெட் எடுத்தியான்னு ஏர்றவாளக் கேளுங்கோளேன்."

அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏறுகிறவர்கள் எல்லாம் தோளில் லேப்டாப் பையும் காதில் இயர்போனுமாக வருகிற படித்த பிள்ளைகள். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற ஒருவரிடம் போய் டிக்கெட் எடுத்தாயா என்று கேட்பது மரியாதையா? ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவனைக் கேட்க மட்டும் எனக்குக் கூச்சம் இல்லை.

கேட்டேன். நேரே கேட்கவில்லை. கோவிந்தப்பா கதையை அவனிடம் விலாவாரியாகச் சொன்னேன். பெட்டிஷன் போனது, ஏஜென்சி பறிபோனது, ஊரில் தலைகாட்ட முடியாமல் குடும்பத்தோடு போனது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தேன்.

உத்தமன் முகம் மாறியது. ஆனால் நிதானமாகத்தான் பேசினான். "சார், நீங்க எதுக்குச் சொல்றீங்கன்னு புரியுது. எங்கிட்ட வர்றது இவ்ளோ பேர்தான் சார். மத்தவங்க கையில என்னா டிக்கெட் இருக்குதுன்னு அவங்களத்தான் கேக்கணும். நான் கேட்டா ஏஜென்ட்டுக்கு எதுக்குன்னுவாங்க. நீங்க ஒருவாட்டி கேட்டுப் பாருங்களேன்."

பத்தொன்பது வருடமாக என் முன்னால் உட்கார்ந்த ஒவ்வொருவனும் அடுத்தவனைக் கைகாட்டித்தான் பேசியிருக்கிறான். குட்டு உடைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அன்றைக்கே பெட்டிஷன் எழுதினேன்.

கையெழுத்து வாங்க இரண்டே நாள்தான் ஆயிற்று. ரயில் நின்றுவிடும் என்று சொன்னால் போதும், யாரும் படித்துக்கூடப் பார்க்கவில்லை. நூற்றுப் பதினெட்டுப் பேர். ஸ்ரீரஞ்சனி மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்பா, எங்க கோச்ல நிறைய பேர் ஆப்லதான் பாஸ் எடுக்கறா. நானும் அப்படித்தான்."

"ஆப்ல எடுத்தாலும் ஸ்டேஷன் கணக்குலதானே விழணும்? அதையும் சேர்த்துத்தானே ஒன்பதுங்கறான்? எங்கேயோ யாரோ கை வெக்கறான்மா."

"அதுவும் கரெக்ட்தான்" என்று கையெழுத்துப் போட்டாள்.

எட்டாம் நாள் உத்தமனின் ஏஜென்சியை விசாரணை முடியும்வரை நிறுத்திவைத்து உத்தரவு வந்தது. ஜன்னலை இழுத்துப் பூட்டினார்கள். அவன் தன் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறிப் போனதை ரோட்டுப் பக்கம் நின்று பார்த்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலை முத்தம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். மல்லேஸ்வரம் மார்க்கெட்டுக்குப் பூக்கூடை கொண்டுபோகிறவள். அவளிடம் இருப்பது பட்டன் போன். "டிக்கெட்டு எங்க வாங்கறது சாமி? சும்னே ஒரு பிள்ளய ஓட்டிவுட்டுட்டியே. என் ரெண்டு கூடையையும் அவன்தான் தெனம் தூக்கி ஏத்துவான். நீயும்தான் இங்க குந்தினு கெடக்கற, ஒருநாள் தொட்டிருப்பியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். கூடைக்காரிக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை விசாரணைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். லீனா என்று பெயர், லிங்கராஜபுரத்துப் பெண். நாற்பது வயது இருக்கும். கூட இரண்டு டிக்கெட் பரிசோதகர்கள். ஏழு மணிக்கே பிளாட்பாரத்தின் வாசலில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் டிக்கெட் கேட்க ஆரம்பித்தார்கள். நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி பக்கத்திலேயே நின்றேன். பழைய டிக்கெட் ஒன்று, ஒரே ஒன்று சிக்கினால் போதும் என்று காத்திருந்தேன்.

ஜன்னல் பூட்டியிருந்ததால் அங்கே டிக்கெட் வாங்குகிறவர்கள் வரவில்லை, வந்த எல்லாரும் போனை நீட்டினார்கள். எல்லாரிடமும் பாஸ் இருந்தது. டிக்கெட் இல்லாத ஆள் ஒருவர்கூட இல்லை. முப்பது பேரைப் பார்த்து முடித்ததும் லீனா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கிள், இங்க வாங்க. நீங்களே இத ரீட் பண்ணுங்க."

ஒரு பையனின் போனை வாங்கிக் காட்டினார். மாதாந்திர பாஸ். ஏறுமிடம் ஆனேக்கல் ரோடு, இறங்குமிடம் பெல்லந்தூர் ரோடு. அடுத்தவருடையதும் ஆனேக்கல் ரோடு. அதற்கடுத்ததும். ஸ்ரீரஞ்சனி வந்தாள், தயங்கித் தயங்கிப் போனை நீட்டினாள். ஆனேக்கல் ரோடு.

"ஏம்மா, நீ இங்கேதானே ஏர்றே?" என்றேன்.

"ஆமாம்பா. இங்க ட்ரெயின் நிக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் அங்க போய்த்தானே ஏறிண்டிருந்தோம்? இது ஓபன் ஆனப்போ ஆப்ல முதல் ஒரு மாசம் மாவினகட்டெ பேரே வரல. அதனால அதையே எடுத்தோம். அப்புறம் மாசாமாசம் ரின்யூன்னு ஒரு பட்டன், அதைத் தட்டினா போறும். சார்ஜும் சேம்தான். யாரும் யோசிக்கவே இல்லப்பா."

ஆனேக்கல் ரோடு எங்களுக்கு முந்தைய ஸ்டேஷன். அங்கிருந்து எடுத்த பாஸில் வழியில் இங்கே ஏறலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கணக்கு அங்கேதான் விழும். நூற்றுச் சொச்சம் பேர் பட்டனைத் தட்டித் தட்டியே எங்கள் ஸ்டேஷனுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உத்தமனிடம் ஒழுங்காக டிக்கெட் வாங்கியது முத்தம்மா மாதிரி ஒன்பது பேர். அந்த ஒன்பதில் ஒருவர் நாகேஷ். தினமும் ஜன்னலில் நின்றது டிக்கெட் வாங்கத்தான்.

"யாரும் சீட் பண்ணல அங்கிள்" என்றார் லீனா. "பாசஞ்சர்ஸும் ஹானஸ்ட், ஏஜென்ட்டும் ஹானஸ்ட். ஆனா எங்க ரிக்கார்டுப்படி இந்த நூத்திச் சொச்சம் பேர் இங்க ஏறவே இல்ல. கம்ப்ளெய்ன்ட் எழுதறதுக்கு முன்னாடி, எந்த ஸ்டேஷன்லேர்ந்து எடுத்திருக்கீங்கன்னு ஒருத்தரையாவது கேட்டீங்களா?"

வண்டி வந்தது, எல்லாரும் ஏறிக்கொண்டார்கள், லீனாவும் போனார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. என் சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள், எப்போதும் ஒரு சீசன் டிக்கெட் இருக்கும். இருபத்து நான்கு வயதில். நகரத்து ஸ்டேஷனில் வாங்கியது, போகவும் வரவும் அதுவே. அந்த அறுபது பேரிடமும் அதே அட்டைதான். மாலையில் திரும்பிப் போக நாங்கள் ஒருவர்கூடக் கோவிந்தப்பாவிடம் ஒரு டிக்கெட் வாங்கியதில்லை. அந்த மனுஷர் இல்லாததை எப்படித் தின்றிருப்பார்? சட்டைப் பையில் அட்டையை வைத்துக்கொண்டே நான் அவரைத் திருடன் என்று எழுதியிருக்கிறேன். எழுதியதோடு நிற்காமல் முப்பத்தெட்டு வருடம் அதை ஒரு கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்குப் போய் ருக்மிணியிடம் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. அவள் ஆறுதல் சொல்லவில்லை. "எங்கிட்ட அழுது என்ன பிரயோஜனம்? சட்டையைப் போட்டுண்டு அந்தப் பிள்ளை ஆத்துக்குப் போங்கோ" என்றாள்.

பொம்மசந்திராவில் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்று அவனுடையது. கதவைத் திறந்தது ராதா. நான் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "திருடன் வீட்டுக்கு வந்திருக்கீங்க சார். செருப்ப உள்ள வெச்சுக்குங்க, காணாமப் போயிடப் போவுது" என்றாள். அந்த ஸ்கூட்டர் அவளுடையது. அவளுக்கு ஷிப்ட் மாறியதால் அவனிடம் கொடுத்திருந்தாள்.

"மன்னிச்சுடுப்பா" என்றேன் உத்தமனிடம். முப்பத்தேழு வருட சர்வீசில் யாரிடமும் சொல்லாத சொல். "லீனா மேடம் விசாரிச்சுட்டாங்க. உம்மேல ஒண்ணும் இல்ல. நீ திரும்ப வரணும். நீ வராட்டி ஜன்னல் திறக்காது, ஸ்டேஷன் போயிடும்."

அவன் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு, "அந்தக் கோவிந்தப்பா இப்ப எங்க சார் இருக்காரு?" என்று கேட்டான்.

"தெரியலப்பா."

"விசாரிக்கவே இல்லியா சார்? அதானே உங்க வேலை?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மாவினகட்டெயை விட்டுப் போன அந்தக் குடும்பம் எங்கே போயிற்று, என்ன சாப்பிட்டது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

"நான் வரேன் சார்" என்றான் உத்தமன் கடைசியில். "ஆனா ஒண்ணு. திருடன்னு நூத்திப் பதினெட்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதே நூத்திப் பதினெட்டு பேரும் இல்லன்னு கையெழுத்துப் போடணும். ஒண்ணு கொறஞ்சாலும் நான் வரமாட்டேன்."

இரண்டு நாளில் வாங்கிய கையெழுத்துகளைத் திரும்ப வாங்கப் பதினேழு நாள் ஆயிற்று. குற்றம் சொல்லும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்கள், இல்லை என்று சொல்லும் தாளை வரிக்கு வரி படித்தார்கள். 'லீகலா ஏதாவது பிராப்ளம் வருமா அங்கிள்?' என்றார்கள். 'எதுக்கு இப்ப இது? உங்களுக்கு யாராவது பிரஷர் குடுத்தாங்களா?' என்று ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். மூன்று பேர் நான் வருவதைக் கண்டு பெட்டி மாறி ஏறினார்கள். அவர்களைத் துரத்திக்கொண்டு பெல்லந்தூர் வரை போனேன். ஒருவன் புனேவுக்கு மாற்றலாகிப் போயிருந்தான். அவனுக்குப் பதினொரு தடவை போன் செய்து, கையெழுத்துப் போட்ட தாளைக் கூரியரில் வரவழைத்தேன். கையெழுத்து வாங்கும்போதே ஒவ்வொருவரிடமும், ரின்யூவைத் தட்டாதே, புதுசாக எடு, ஏறுமிடம் மாவினகட்டெ என்று போடு என்று சொன்னேன். சிலர் போனை என் கையிலேயே கொடுத்து 'நீங்களே போட்டுடுங்க அங்கிள்' என்றார்கள்.

நூற்றுப் பதினெட்டாவது தாள் வந்த மறுநாள் காலை ஆறரைக்கு உத்தமன் ஜன்னலைத் திறந்தான். ஆறாவது மாதத்தின் சராசரி நூற்று முப்பத்தொன்று. நிறுத்தம் நிரந்தரம் என்று உத்தரவு வந்தது.

பிளாட்பாரத்தில் விழா வைத்தார்கள். சங்கத் தலைவர் ஸ்ரீஹர்ஷா மைக்கைப் பிடித்து, கஸ்தூரிரங்கன் அங்கிள் இல்லை என்றால் இந்த ஸ்டேஷன் இல்லை என்று கன்னடத்தில் பேசி, எனக்குச் சால்வை போர்த்தினான். நான் மைக்கை வாங்கினேன். "இந்த ஸ்டேஷனை மூடப் பார்த்தவன் நான். ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. முதல் தடவை மூடியே விட்டேன். கோவிந்தப்பா எதையும் தின்னவில்லை" என்றேன். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். இன்னும் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தபோது வண்டி வருகிற அறிவிப்பு வந்துவிட்டது.

சால்வையைக் கழற்றி எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போனேன். உத்தமன் ஜன்னலுக்குள் தலை குனிந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"உத்தமா, ரெண்டு நிமிஷம் வெளியில வாப்பா. இது உனக்குத்தான் சேரணும். எல்லார் முன்னாடியும் போடறேன்."

அவன் எழுந்திருக்கவில்லை. முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"இருக்கட்டும் சார். டிக்கெட் குடுக்கற நேரம். சீட்ட விட்டு ஏந்திரிச்சேன்னா யாராச்சும் எழுதிப் போட்டுடுவாங்க."

என் பின்னால் வரிசை நின்றது. முத்தம்மா கூடையோடு நின்றாள். நான் சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நகர்ந்து வழி விட்டேன்.